மூன்றாவது அடையாளம்

புத்தகக் கட்டைப் பிரித்ததும் அச்சு மை வாசம் வளவு முற்றம் முழுக்கப் பரவியது. சொக்கு மேலாக இருந்த புத்தகத்தை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நீலாயதாட்சியிடம் நீட்டினார். மஞ்சள் அட்டை. 'மெய்யம்மை ஆத்தா வழிநடைப் பாட்டு, பொழிப்புரையுடன்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

"நாளைக்கு ஜனனியை இதைப் பாத்தே படிக்கச் சொல்லு நீலா. உரையையும் சேத்துப் படிக்கட்டும். மாப்பிள்ளையும் வாரார்ல, அவரும் கேக்கட்டும்."

சொக்கு வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நீலாவின் கணவர் சாத்தப்பனுக்குப் பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவர். ஓய்வுக்குப் பிறகு ஆறு வருடம் உட்கார்ந்து அந்தப் பாட்டுக்கு உரை எழுதியிருந்தார். நீலா புத்தகத்தை வாங்கிக்கொண்டு "சரி அத்தான்" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று பயந்தாள். அழுகை என்று நினைத்துவிடுவார்கள். அது அழுகை இல்லை.

சாக்கோட்டைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர் அது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும் அந்த வீட்டில் யாரும் குடியில்லை. நாற்பது பங்காளிக் குடும்பங்களுக்கும் பொது. வருடத்துக்கு ஒருநாள் திறந்து, ஓலைப் பேழையில் இருக்கும் மெய்யம்மையின் பழைய சேலைக்குப் பக்கத்தில் புதுச்சேலை வைத்து, சமைத்து இலை போட்டுக் கும்பிடுவார்கள். அதுதான் படைப்பு.

மெய்யம்மை நாச்சியாபுரத்துப் பெண். பன்னிரண்டு வயதில் மூடிய வண்டியில் இந்த வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டவள். புருசன் பர்மாவில் கடை வைத்திருந்தான். இருபத்திரண்டு வயதில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊருணியில் ஐக்கியமானாள். ஐக்கியம் என்பதுதான் குடும்பத்தில் சொல்லும் வார்த்தை. அவள் தன் நாலு வயது மகனைத் தூங்கவைக்கப் பாடிய பாட்டை அந்தப் பையன் வளர்ந்தும் மறக்கவில்லை. அவன் சொல்லச் சொல்ல யாரோ நோட்டில் எழுதினார்கள். நூறு வருடத்துக்கு மேல் அதைப் படைப்பில் படித்து வருகிறார்கள்.

யார் படிப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. அந்த வீட்டில் பிறந்த புது மணப்பெண் படிக்கலாம். புருசன் வீட்டில் ஒத்துப்போகாமல் வந்து நிற்கும் பெண் படித்தால் இன்னும் விசேஷம். படித்த கையோடு அவளை முகப்பு வாசலில் புருசனோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவள் திரும்பி வரவே மாட்டாள் என்பது நம்பிக்கை. ஆனால் படித்தவளுக்குப் படைப்புச் சோறு கிடையாது. கட்டிக்கொடுத்த பெண் இன்னொரு வீட்டுப் புள்ளி, அந்தக் குடும்பக் கணக்கில் சேர்ந்தவள். படிக்கலாம், சாப்பிடக் கூடாது.

நீலாவின் மகள் ஜனனி பெங்களூரிலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது. அங்கே ஒன்பதாவது மாடி வீடு. புருசன் கார்த்திக் வேலைக்குப் போகும்போது வெளியே எண் பூட்டுப் போட்டுவிட்டுப் போவான். எண் தினமும் மாறும். அவளுடைய போன் அவனிடம். வாரம் ஒருமுறை அவன் போனில், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் அம்மாவிடம் பேசலாம். தண்ணீர் எந்திரம் பழுதுபார்க்க ஆள் வந்த அன்று கதவு திறந்த நேரத்தில் இறங்கி ஓடி வந்தவள் அவள்.

பங்காளிகள் கூடி விசாரித்தபோது சொக்குதான் கேட்டார்.

"அடிச்சாரா ஆத்தா?"

"இல்ல பெரியப்பச்சி."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? பட்டணத்துல பூட்டிட்டுப் போறது பத்திரத்துக்குத்தானே."

யாரோ சிரித்தார்கள். சாத்தப்பன் தரையைப் பார்த்தார். அன்றே முடிவாகிவிட்டது: படைப்பில் பாட்டைப் படிக்கட்டும், கார்த்திக் வந்து கூட்டிப் போகட்டும். நீலா அன்று பேசவில்லை. பேசாமல் இருந்ததற்கான காரணம் அவளுக்குள் ஒரு முள்ளாக இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு அந்த ஸ்பீக்கர் போனில் ஜனனி "அம்மா, எனக்கு இங்க மூச்சு முட்டுது" என்று சொன்னபோது, அவள் என்ன சொன்னாள்? "ஆத்தா பாட்டைப் பாடிக்கிட்டே இரு. எல்லாம் சரியாப் போகும்." அதைத்தான் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள்.

சொக்கு பந்தல்காரனைப் பார்க்கப் போனதும் நீலா தூணில் சாய்ந்து உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினாள்.

காரைக்குடியில், பழைய மாளிகையை விடுதியாக மாற்றிய இடத்தில் பன்னிரண்டு வருடமாக வரவேற்பு மேசையில் இருக்கிறாள். விருந்தாளிகளுக்கு வழி எழுதிக் கொடுப்பது அவள் வேலைகளில் ஒன்று. இடது வலது என்று எழுதினால் குழம்புவார்கள். வெளியூர்க்காரனுக்குக் கண்ணில் படுவதை எழுத வேண்டும். உடைந்த தூண், நீலக் கதவு, கூட்டு ரோட்டு டீக்கடை. காலையில் நடக்கப் போகிறவர்களுக்கு 'வெயில் முதுகில் படும்படி நடங்கள்' என்று ஒரு வரி கண்டிப்பாக எழுதுவாள். ஒரு நாளைக்கு இருபது சீட்டு எழுதிய கை அது.

அந்தக் கையில் பாட்டு இருந்தது. நூறு முறை கேட்ட பாட்டு. கேட்டிருக்கிறாளே தவிர, அச்சில், ஒவ்வொரு வரியாக, இதுவரை பார்த்ததில்லை.

கொல்லைக் கதவைத் தள்ளு கண்ணே
கோழி கூவுமுன் கிளம்பு கண்ணே
ஒத்தப் பனையை ஒட்டி நட
ஊருணிக் கரையைச் சுத்தி நட
ரெட்டைப் புளியைத் தாண்டி நட
வெயிலு நமக்கு முதுகுப் பக்கம்
குன்று நமக்குக் கண்ணுப் பக்கம்

ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் சொக்குவின் உரை இருந்தது. நாச்சியாபுரத்திலிருந்து ஆத்தா இந்த வீட்டை வாழவைக்க நடந்து வந்த திருவழி இது. கொல்லைக் கதவு வழியாக நுழைந்தது அவளது அடக்கத்தைக் காட்டும். சூரியன் அவள் முகத்தைச் சுடாமல் பின்னால் ஒதுங்கி நின்றான். குன்றக்குடி மலையான் அவளை எதிர்கொண்டு அழைத்தான்.

நீலா எழுந்து நின்றுவிட்டாள்.

நாச்சியாபுரம் மேற்கே இருக்கிறது. குன்றக்குடியும் மேற்கே. அங்கிருந்து இங்கே காலையில் வருகிறவளுக்கு வெயில் முகத்தில் அடிக்கும். குன்று முதுகுக்குப் பின்னால் கிடக்கும். இங்கிருந்து அங்கே போகிறவளுக்குத்தான் வெயில் முதுகில், குன்று கண்ணில். இதைச் சொல்ல உரை வேண்டாம், படிப்பு வேண்டாம். ஒருநாள் அந்த ரோட்டில் நடந்தால் போதும்.

விரல் விட்டு எண்ணினாள். கொல்லைக் கதவு, பனை, ஊருணி, புளி, செம்மண் மேடு, இடிந்த மண்டபம். கடைசியில் வேப்பமரம் நிற்கும் ஒரு வாசல். மொத்தம் பதினான்கு. முடிவில் இரண்டு வரி:

வேம்பு நிக்கும் வாசல் கண்ணே
கேட்டா என் பேரைச் சொல்லு கண்ணே

உரை: ஆத்தாவின் திருப்பெயரைச் சொன்னவர்க்கு எல்லா நலமும் உண்டாகும்.

பேரைச் சொல்லு. நாலு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிறாள். நீ மட்டும் போய்ச் சேர்ந்தால், வாசலில் யார் நீ என்று கேட்டால், என் பேரைச் சொல்.  மூடிய வண்டியில் வந்தவளுக்கு வழி தெரிந்திருக்காது. வேலைக்காரியிடமும் மோர்க்காரியிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்திருக்க வேண்டும். யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி பிள்ளைக்குத் தாலாட்டாகப் பாடிப் பாடி மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

பதினான்கு அடையாளத்தில் ஊருணி மூன்றாவது.

மூன்றாவதில் சாகப் போகிறவள் மிச்சம் பதினொன்றை எதற்காக மனப்பாடம் செய்தாள்?

சொக்கு திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். சாத்தப்பன் வாழையிலைக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நீலா சுற்றி வளைக்கவில்லை. வெயிலையும் குன்றையும் சொன்னாள். கொல்லைக் கதவைச் சொன்னாள். எந்த வீட்டு மணப்பெண் கொல்லைப்புறமாக நுழைந்தாள் என்று கேட்டாள்.

சொக்கு பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"உனக்கு ஓட்டல் புத்தி நீலா. எதைப் பாத்தாலும் ரூட்டு மேப்பாத் தெரியுது. போன வருசம் ஒரு புரொபசர் வந்தாரே, உங்க ஓட்டல்லதானே தங்குனார். அவர் இது நம்ம முன்னோர் கடலோரத்துல இருந்து வந்த கதைன்னு எழுதுனார். அவருக்கு அப்படித் தெரிஞ்சுச்சு. உனக்கு இப்படி. சாமிப் பாட்டை சாமியாப் பாக்கணும் ஆத்தா."

"அத்தான், நீங்க ஊருணியில இருந்து நேரா மேக்கே பாத்துருக்கீகளா? குன்று தெரியும்."

"பாத்துருக்கேன். மலையான் எதிர்கொண்டு…"

"மலை எங்கயும் வராது. அவதான் போனா."

சாத்தப்பன் இலைக்கட்டை வைத்துவிட்டு வந்தார். "விடு நீலா. ஒரு பாட்டுத்தானே. படிச்சுட்டுப் போகட்டும்."

"ஒரு பாட்டுத்தான். அதைப் படிக்க வச்சுத்தான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிருக்கீக? உங்க தங்கச்சி படிச்சா. அப்பறம் என்ன ஆனா? சொல்லுங்க, உங்க வாயால சொல்லுங்க."

சாத்தப்பன் முகம் சுருங்கியது. அவர் தங்கை மருத்துவமனையில் உயிர்விட்ட கதையை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சொக்குவின் சிரிப்பு போய்விட்டிருந்தது. புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி மூடினார். குரல் தணிந்தது. "நீ சொல்றது மாதிரியே வச்சுக்குவோம். ஓடிப் போறவ எதுக்கு ஊருணியில விழுகப் போறா? அப்ப யாரோ மறிச்சுருக்கணும். மறிச்சு… யாரு? என் அப்பச்சியோட ஐயாவா? அவர் தம்பியா? நூறு வருசமா நாம யாரைக் கும்புடுறோம் நீலா? நம்ம ஆளுக தள்ளிவிட்ட பொண்ணையா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

சொக்கு மூடிய புத்தகத்தின் அட்டையை விரலால் தடவினார்.  ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவருக்கும் வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது. பிறகு அவர் கை கூப்பி, பேழை இருந்த அறையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உனக்கு மகளை நெனச்சு வருத்தம். கோவமா இருக்க. கோவத்தோட படிச்சா எல்லாம் கோவமாத்தான் தெரியும். நாளைக்குப் படைப்பு நல்லபடியா நடக்கட்டும்."

அவர் போன பிறகும் அந்தச் சொல் அவளை விடவில்லை. கோபத்தோடு படிக்கிறாய். ஆமாம். அதில் என்ன பொய்? இத்தனை வருடம் அவள் பயத்தோடு படித்தாள்; அப்போது அது சாமிப் பாட்டாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு, கல்யாணமான மறுவாரம், ஜனனிக்குப் பட்டுச்சேலை கட்டி இதே வளவில் உட்கார வைத்து, "நிறுத்தி நிதானமாப் படி" என்று சொன்னது அவள்தான். அப்போதும் அதே வரிகள்தான். ஒரு எழுத்து மாறவில்லை. மாறாத எழுத்தைத் தன் வசதிக்கு வாசித்தவர்கள் வரிசையில் தானும் நின்றிருக்கிறாள் என்பதுதான் அவளைச் சுட்டது. சொக்குவின் மேல் உள்ள கோபத்தை அவரிடம் சொல்லிவிட்டாள். இதை யாரிடம் சொல்வது?

ஜனனி அடுப்படிக்குப் பக்கத்தில் கும்மாயம் என்ற இனிப்புக்கு உளுந்து வறுத்துக்கொண்டிருந்தாள். நீலா அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள். மெதுவாக ஆரம்பித்தாள். வெயில், குன்று, கொல்லைக் கதவு. ஜனனி குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில் "எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"எப்படி?"

"நீதானே பாடச் சொன்ன. பூட்டுன வீட்டுக்குள்ள வேற என்ன வேலை? பாடிக்கிட்டே இருந்தேன். ஒருநாள் பாடுறப்ப ஜன்னலுக்கு வெளிய பாத்தேன். பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, ரெண்டாவது சிக்னல், மேம்பாலத்துக்குக் கீழ பஸ். ஆத்தா மெட்டுலயே அதைப் போட்டுப் பாத்தேன். உக்காந்துச்சு. அப்பத்தான் புரிஞ்சுச்சு, அவளும் இதைத்தான் செஞ்சுருக்கான்னு. அந்த மெட்டுலதான் நான் வந்தேன்."

நீலாவுக்குக் கண் மறைத்தது. "ஏன்டி எங்கிட்டச் சொல்லல? ரெண்டு மாசமா வீட்ல இருக்க."

ஜனனி வாளிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. "நீ நம்புற ஆளா இருந்தியேம்மா. நம்புறவகளுக்குச் சொல்லி என்ன ஆகப் போகுது?"

அடி விழுந்த மாதிரி இருந்தது. விழட்டும் என்று நீலா நினைத்தாள். இந்த அடி தனக்கு வர வேண்டியதுதான்.

"நாளைக்கு நீ படிக்க வேணாம். நான் பாத்துக்கிறேன்."

"படிக்கிறேன். கத்திச் சண்டை போட்டா, நாப்பது வீட்டு ஆளும் வாசலை அடைச்சுக்கிட்டு நிப்பாக. படிச்சுட்டா எல்லாரும் முகப்புப் பக்கம்தான் பாப்பாக."

அதன் பிறகு அவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். விடுதி வேன் ஓட்டும் வேல்பாண்டிக்கு நீலா போன் செய்தாள். மதுரையில் ஜனனியின் கல்லூரித் தோழி இருந்தாள். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கலாம்.

"எங்குட்டு நிக்கணும் ஆச்சி?" என்று வேல்பாண்டி கேட்டான். "கொல்லைத் தெருவுலயே நிக்கவா?"

"வேண்டாம். வண்டி நின்னா யாராச்சும் கேப்பாக. ஊருணியைத் தாண்டி நில்லு. இந்தக் கரையில இல்ல, அந்தக் கரையில. ரெட்டைப் புளியமரம் இருக்கும்."

"ரெண்டு இல்ல ஆச்சி, ஒண்ணு விழுந்துருச்சு. ஒண்ணுதான் நிக்குது."

"அந்த ஒண்ணுகிட்ட நில்லு."

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு வளவு நிறைந்துவிட்டது. பேழையைத் திறந்து பழைய சேலையைப் பிரிக்காமல் வெளியே வைத்தார்கள். கார்த்திக் வெள்ளை வேட்டியில், நெற்றி நிறையத் திருநீறோடு, ஆண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தான். நீலாவைப் பார்த்து எழுந்து கும்பிட்டான். அவன் நல்ல மரியாதைக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஜனனி படித்தாள். நிறுத்தி நிதானமாக. ஒவ்வொரு வரி முடிவிலும் கூட்டம் "தாயே" என்றது. கொல்லைக் கதவு, தாயே. ஒத்தப்பனை, தாயே. ஊருணி என்று வந்தபோது சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதற்காக அழுகிறார்கள் என்று நீலாவுக்குத் தெரியவில்லை. அவர்களைக் கேட்டிருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்காது. ஒரு பெண் தப்பிக்கும் வழியை வரி வரியாக உரக்கச் சொல்கிறாள். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நீலா பல்லைக் கடித்தாள். கேட்டா என் பேரைச் சொல்லு கண்ணே. தாயே.

"நல்லாப் படிச்ச ஆத்தா" என்றார் சொக்கு, குரல் தழுதழுக்க. அதில் நடிப்பு இல்லை. அதுதான் நீலாவுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. "மாப்பிள்ளை, முகப்புல போய் நில்லுங்க. பொண்ணை அழைச்சுட்டு வாரோம்."

கூட்டம் முகப்புப் பக்கம் திரும்பியது. வெளியே கார் உறுமும் சத்தம் கேட்டது. ஜனனி புத்தகத்தை அம்மா கையில் வைத்தாள். "முகம் கழுவிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வளவுக்கும் கொல்லைக்கும் நடுவில் இருந்த இரண்டாங்கட்டுக்குள் போனாள். நீலா அவள் பின்னால் நடந்து, இரண்டாங்கட்டு நிலைக்கதவுக்குள் நுழையாமல், திரும்பி நின்றுகொண்டாள். கொல்லைக் கதவின் கீல் முனகியது. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்திருந்த கையில் போனும் இருந்தது.

இரண்டு நிமிடம் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது நிமிடம் சொக்கு வந்தார்.

"ஜனனி எங்க?"

"போயிட்டா."

"எங்க போயிட்டா?"

"பாட்டுல சொன்ன வழியில."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் முகம் கறுத்தது. பின்னால் சாத்தப்பனும் நாலைந்து பங்காளிகளும் வந்து நின்றார்கள். கார்த்திக் செருப்பைக் கூடக் கழற்றாமல் வளவுக்குள் ஓடி வந்தான்.

"தள்ளு நீலா" என்றார் சொக்கு.

"தள்ள மாட்டேன்."

"அத்தை, நான் பேசிக்கிறேன், வழி விடுங்க" என்றான் கார்த்திக் மென்மையாக. ஸ்பீக்கர் போனில் கேட்ட அதே மென்மை.

"நீ காரை எடுத்துச் சுத்தி வா. ரெண்டு தெருவுலயும் படைப்புக்கு வந்த வண்டிக நிக்குது, எடுக்கச் சொல்லிக் கெஞ்சிட்டு வா. இந்த வழி கிடையாது."

அவன் தோளால் முட்டப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டாள். புத்தகம் கீழே விழுந்தது. மஞ்சள் அட்டையில் யாரோ மிதித்தார்கள். சொக்கு பதறிக் குனிந்தார். நீலா அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"எடுத்துக் கண்ணுல ஒத்திக்கங்க. அப்படியே முத வரியையும் படிங்க. உரை வேணாம், வரியை மட்டும் படிங்க. ஆத்தாவையும் இங்குட்டுப் போய்த்தான் மறிச்சுருப்பீக. அன்னைக்கு இந்தக் கதவுல நிக்க ஒருத்தி இல்ல. அவ்வளவுதான்."

"சாத்தப்பா, உம் பொண்டாட்டியைக் கொஞ்சம்…" என்றார் ஒரு பங்காளி.

சாத்தப்பன் நீலாவைப் பார்த்தார். நீலாவும் அவரைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. அவர் தங்கை இந்த வளவில் உட்கார்ந்து படித்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அவர் மெதுவாக நகர்ந்து வந்து, கார்த்திக்கின் தோளில் கை வைத்து அவனைப் பின்னால் தள்ளினார். பலமாக இல்லை. ஆனால் தள்ளினார். பிறகு தலை குனிந்து அங்கேயே நின்றார். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு இவ்வளவுதானா என்று நீலாவுக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது.

போன் அவள் விரல்களுக்குள் அதிர்ந்தது. நிலையிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்துப் பார்த்தாள். வேல்பாண்டியின் எண்ணிலிருந்து, ஜனனி அனுப்பியது.

புளியமரம்.

"என்ன அது?" என்றார் சொக்கு. அழுக்கான புத்தகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் நடுவே கை நின்றுபோயிருந்தது.

"மூணாவதைத் தாண்டிட்டா" என்றாள் நீலா. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை மறுபடியும் நிலையில் ஊன்றினாள்.